செல்வராசு ஓட்டும் என் வண்டி

1

தீபாவளி கழிந்த சில நாட்களில் ஊரிலிருந்து கேசட் வந்தது. வருஷத்துக்கு ஒன்று வரும். என் மனைவி தனத்தின் தம்பி செல்வராசு பெரம்பலூர் வீட்டுக் கூடத்தில் டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசவைப்பான். மாமியார் முதலில் இருமுவார். பிறகு, "தனம், கேக்குதாடி?" என்று கத்துவார். மின்சாரத்தை நம்பாமல் தொண்டையாலேயே இங்கிலாந்துவரை எட்டிவிடலாம் என்கிற நினைப்பு. யாருக்குக் காதுகுத்து, எந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறியது, சின்ன வெங்காயம் எப்படிப் போகிறது என்று எல்லாம் வரும். தனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள்.

இந்த முறை எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. தகரக் கதவு திறந்தது. "மச்சான், இத மட்டும் கேளுங்க" என்றான் செல்வராசு. அடுத்தாற்போல் ஒரு கார் எஞ்சின் உறுமியது.

தனம் சிரித்தாள். நான் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீல அம்பாசிடர். கதவில் வெள்ளை வட்டம். தை பிறந்ததும் திருச்சியில் கிளம்பி உங்கள் ஊர்களின் வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடுமே, அதுதான். "செல்வராசு வண்டி வருது" என்று டீக்கடையிலிருந்து எழுந்து வந்து பார்த்திருப்பீர்கள்.

அது என் வண்டி. நான் கட்டிய வண்டி. பதினைந்து வருஷமாக அதைச் செல்வராசு ஓட்டுகிறான், எனக்குப் பதினைந்து வருஷமாக வயிறு எரிகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது பெருந்தன்மையாகப் பேசினால் நம்பாதீர்கள்.

2

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அம்பாசிடரைக் கட்டிப் பார் என்று ஒருத்தரும் எச்சரிக்கவில்லை.

அப்போது எனக்குத் துறைமங்கலம் தாண்டி டிரங்க் ரோட்டோரம் லாரிப் பட்டறை. செல்வராசு அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். மீன்சுருட்டியில் ஒரு டாக்சி அம்பாசிடர் புளியமரத்தில் மோதிக் கிடக்கிறது, சொந்தக்காரர் எடுத்துப் போனால் போதும் என்கிறார் என்று அவன்தான் சேதி கொண்டுவந்தான். லாரிக்குப் பின்னால் சங்கிலி கட்டி இழுத்து வந்தோம். மூக்கு நசுங்கியிருந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது.

திருச்சியில் கார் வைத்திருந்த டாக்டர்களும் மில் முதலாளிகளின் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தப் போவதாக அப்போது பேச்சு. திருச்சி, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி போய்த் திரும்ப வேண்டும். இரண்டு நாள், பொழுது விடிந்து பொழுது சாயும்வரை எத்தனை சுற்று ஓடுகிறாய் என்பதுதான் கணக்கு. யார் வேகம் என்பதைவிட யார் வண்டி நிற்காமல் ஓடுகிறது என்பதே பெரிது. சொந்த வண்டி வைத்திருக்கிற எவரும் சேரலாம்.

"நிக்காம ஓடணும், அவ்ளோதானே? லாரிக்கும் அதானே மச்சான் சங்கதி?" என்றான் செல்வராசு.

அந்த ஒரு பேச்சில் விழுந்தேன். ஒன்றரை வருஷம் அந்த வண்டியோடு குடும்பம் நடத்தினேன். பாரம் குறைய உள்ளே இருந்த மெத்தை, விரிப்பு, அலங்காரம் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தோம். குலுக்கலைத் தாங்குகிற பின் வில்லில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தேன். எஞ்சினின் அடிவயிற்றில் கல் அடிக்காமலிருக்க, கல் உடைக்கிற ஆலையில் தேய்ந்து கழித்த இரும்புத் தகட்டை வளைத்து மாட்டினேன். எஞ்சின் தலையைத் திருச்சியில் லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கினேன். அதனால் இழுவை கூடியது.

பெரிய தலைவலி புழுதி. அரியலூர் ரோட்டில் கல் லாரிக்குப் பின்னால் ஒரு நாள் போனால் உங்கள் புருவம் வெளுத்துவிடும். அந்தத் தூளை எஞ்சின் மூச்சில் இழுத்தால் சிலிண்டர் அரைபட்டுவிடும். நான் யோசித்து யோசித்து, எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயைக் காருக்குள்ளே, பக்கத்து ஆசனத்தின் காலடிக்குக் கொண்டுவந்தேன். அதன் வாயில் தனத்தின் பழைய நூல் சேலையை நாலாக மடித்து, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து கட்டினேன். "எத வேணா கிழிங்க, மாம்பழக் கலர் சேலைய மட்டும் தொட்டுடாதீங்க" என்று தனம் பட்டறை வாசலில் காவல் நின்றாள்.

கடைசியாக டிரைவர் ஆசனம். அம்பாசிடரில் முன்பக்கம் ஒரே பெஞ்சு. அதைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு தனி ஆசனங்கள் கொண்டுவந்தோம். முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் மாட்டினால் நம் ரோட்டுக் குலுக்கலில் கழன்று ஆடும். தரையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் ஏறி உட்கார்ந்து கிளட்சை முழுக்க மிதித்தேன்.

"ஆடாதீங்க மச்சான், அப்டியே இருங்க" என்று செல்வராசு குனிந்து தரையில் சாக்பீசால் கோடு கிழித்தான்.

நான் ஆறடி. அவன் என் தோளுக்கு வருவான். கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நான் ஓட்டறதா இருந்தா கால் எட்டாது போலருக்கே?"

"நீ ஏன் ஓட்டப் போற? பக்கத்துல உக்காந்து வழிய சொல்லு" என்றேன்.

என் அளவுக்கு வைத்து, என் கையாலேயே பற்றவைத்தேன்.

ஒரு கூத்தை விட்டுவிட்டேன். வண்டியின் தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோனால், ஆர்.சி. புத்தகத்தில் ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறது, பின்னால் ஆசனம் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கழற்றிய பின் ஆசனம் மாமியார் வீட்டுக் கூடத்தில் சோபாவாக இருந்தது. சம்பந்தி வீட்டார் அதில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பித் தரையில் பாய் போட்டு உட்காரவைத்துவிட்டு சோபாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்றுவரை சான்றிதழுக்குப் போகிற அன்று அந்த வீட்டில் விருந்தாளிக்குப் பாய்தான்.

3

இங்கே பர்மிங்ஹாமை ஒட்டிய ஊரில் பஸ் டெப்போவில் எனக்கு வேலை. பஸ்ஸை முழுக்கப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். அவர்கள் எனக்குப் பிரேக்கை மட்டும் கொடுத்தார்கள். எஞ்சினுக்கு ஒருத்தன், கியர்பாக்சுக்கு ஒருத்தன். நான் காலை முதல் மாலைவரை சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பார்த்து, சக்கரத்தை மாட்டுகிறேன். பக்கத்தில் ஒருவன் எஞ்சினைத் தப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒருநாள் ஃபோர்மேனிடம் போய், நம்மூரில் சந்தேகம் கேட்பதுபோல, "எனக்கு ஒரு டவுட்" என்றேன். தன் வேலையை நான் சந்தேகப்படுவதாக நினைத்து அந்த மனிதர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இந்த நாட்டு லைசன்சும் லேசில் கிடைக்கவில்லை. கல் லாரிகளுக்கு நடுவே, கரும்பு வண்டிக்கும் ஆட்டு மந்தைக்கும் வழிவிட்டு ஓட்டியவன் நான். ஆளில்லாத ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி, ஸ்டீயரிங்கில் கைமேல் கை போகிறது என்று ஃபெயில் ஆக்கினார். மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு, மறுபடி அதே கை. தேறிய அன்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை நாள் லைசன்ஸ் இல்லாதவன் என்று மகளுக்குத் தெரிந்துவிடும்.

மகள் கயல்விழிக்குப் பத்தொன்பது வயது. நான் இங்கே வந்த பிறகு தாயோடு வந்து சேர்ந்தாள். தமிழ் புரியும். பேசினால் வெள்ளைக்காரி சேலை கட்டியதுபோல் இருக்கும், எந்தப் பக்கம் அவிழுமோ என்று நமக்குப் பதறும். உயரம் மட்டும் என் கொடை. இன்ஜினியரிங் படிக்கிறாள். சனிக்கிழமையானால் காலையில் இட்லியைக்கூட நின்றுகொண்டே விழுங்கிவிட்டுப் பக்கத்து வீட்டு ஷெட்டுக்கு ஓடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கென். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சின்னக் காரை வைத்துக்கொண்டு, அதில் இதை மாற்றி அதை மாற்றி, வருஷத்துக்கு ஒருமுறை பழைய விமான ஓடுபாதையில் நாள் முழுக்க ஓடுகிற பந்தயத்துக்குப் போகிறார். பந்தயத்தில் பாதியில் நின்றுவிடும். மறுபடி ஒரு வருஷம் முடுக்குவார். என் மகள் அவருக்கு முடுக்கிக் கொடுக்கிறாள். அவர் அவளைக் "கே" என்கிறார். நாங்கள் நாள், நட்சத்திரம் பார்த்து வைத்த பெயரில் முதல் எழுத்துக்கே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் நான் எட்டிப் பார்ப்பேன். அவள் காருக்கு அடியில் படுத்திருப்பாள், கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிழவர் ஸ்பேனரை நீட்டுவார். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் நான் செடிக்குத் தண்ணீர் விடுவதாகத் தனம் சொல்கிறாள்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏம்மா, வூட்ல ஒரு மெக்கானிக் இருக்கேன்ல? எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அப்பா, நீங்க பிரேக் மட்டும்தானே?" என்றாள்.

பிரேக் மட்டும் என்கிற அந்த மனிதன் யார் என்று எனக்கே தெரியவில்லை. வண்டியைப் பற்றி அவளிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. செல்வராசு மாமா பந்தயக்காரர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஓட்டாத வண்டியைப் பற்றி என்ன பேசுவது?

4

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது இப்படித்தான்.

இங்கிலாந்துக்கு வேலை அனுமதி கேட்டு முன்னெப்போதோ போட்டிருந்தேன். அது எந்த மேசையில் தூங்கியதோ. நான் மறந்தேபோன பிறகு, முதல் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அசைந்து கொடுத்தது. இன்ன தேதிக்குள் வந்து சேராவிட்டால் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம். அதே ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் விமானம்.

நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். தனம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். "வண்டி அடுத்த வருசமும் ஓடும். இந்தக் காயிதம் அடுத்த வருசம் வருமா?" என்றாள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரயில் டிக்கெட் வாங்கப் போனேன்.

சிறுவாச்சூர் காளியிடம் பூசை போடாமல் எங்கள் பக்கம் புது வண்டி ரோட்டில் ஏறாது. அவளோ திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அன்று மாலையே நான் ரயிலேற வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். பந்தயம்தான் போயிற்று, இதையாவது நான் ஏற்றுகிறேன் என்று கதவைத் திறந்தேன்.

மாமியார் குறுக்கே வந்தார். "நீங்க ஏறாதீங்க மாப்ள. பழத்து மேல ஏத்தறவன்தான் வண்டிய ஓட்டணும். ஏத்திட்டு ஒருத்தன் எறங்குனா வண்டி வழியில நிக்கும்."

"நான் கட்டுன வண்டிங்க அத்த."

"யாரு இல்லன்னா? கொத்தனாரு கட்டுனாருன்னு அவரா பால் காய்ச்சிக் குடியேறுறாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வராசு சிரிக்கவில்லை. "மச்சானே ஏத்தட்டும்மா" என்று முணுமுணுத்தான். அவன் சொன்ன அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏறுடா" என்றேன்.

ஏறினான். கால் எட்டவில்லை. கிளட்சை மிதிக்கப் போனால் ஆசனத்திலிருந்து வழுக்கிக் கீழே போனான். மாமியார், தாம் வந்த வாடகைக் காரிலிருந்து முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்துவந்து அவன் முதுகுக்குப் பின்னால் செருகினார். பூப்போட்ட உறை. மாப்பிள்ளை அழைப்பில் உட்கார்ந்த பையன்போல நிமிர்ந்து உட்கார்ந்து கிளட்சை விட்டான். நாலு பழமும் நசுங்கின.

என் வண்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கட்டும்போது அதை முன்னாலிருந்தும் அடியிலிருந்தும்தான் பார்த்திருக்கிறேன். கோயில் வாசலைத் தாண்டி டிரங்க் ரோட்டில் ஏறித் திரும்பும்போது வில் கொஞ்சமும் தொய்யவில்லை. நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது. விமானம் ஏறப்போகிற மனிதன் குடும்பத்தைப் பிரிய முடியாமல் அழுகிறான் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

5

பந்தயச் செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்து நீலக் கடித உறையில் வந்தது. குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படித்தேன். கிளம்பிய வண்டிகளில் பாதிக்குமேல் வழியில் நின்றுவிட்டன. அரியலூர்ப் புழுதி டாக்டர்களின் வண்டிகளைத் தின்றுவிட்டது. நம்முடையது கடைசிவரை நிற்காமல் ஓடி மூன்றாவதாக வந்தது. தனத்தின் சேலையை எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்களாம். "செல்வராசு மூளைடா" என்று ஊரே சொல்கிறதாம். அது மச்சான் மூளை என்று அவன் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றும் எழுதியிருந்தான். சொல்லியிருப்பான். கண்ணெதிரே மாலையோடு நிற்கிறவனைத்தானே ஊர் பாராட்டும்?

சந்தோஷம் என்று பதில் எழுதினேன். இரண்டு வரி.

ஒரு போட்டோவும் வந்தது. கழுத்தில் மாலை, முதுகில் தலையணை, என் ஆசனத்தில் அவன். தனம் இங்கே வந்து சேர்ந்ததும் அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். அந்தப் பக்கம் திரும்பாமல் டிவி பார்ப்பது எப்படி என்று நான் பழகிக்கொண்டேன்.

பிறகு வருஷா வருஷம் கேசட்டில் ஒவ்வொன்றாக வந்தது. "மச்சான், வில்ல மாத்திட்டேன்." "மச்சான், அந்தத் தகடு தேஞ்சி போச்சி, அலுமினியத்துல போட்டுட்டேன்." "எறையூர் சர்க்கரை ஆலையில நமக்குத் தெரிஞ்ச லேத் டர்னர் இருக்காப்ல, தலைய இன்னும் கொஞ்சம் சீவிட்டேன்." "மச்சான், இப்பல்லாம் ஃபில்டரே கடையில கிடைக்குது, அக்கா சேலைக்கு ஓய்வு குடுத்துட்டேன்." என்னிடம் அனுமதி கேட்கிறமாதிரியே சொல்வான். நான் அனுமதிக்கிறமாதிரியே தலையாட்டிக்கொண்டு கேட்பேன். ஊரில் பட்டறையும் அவன் கைக்கே போயிற்று. நான் செய்தது ஒவ்வொன்றாகக் கழன்று குப்பைக்குப் போக, அவன் செய்தது ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது இரண்டாவதாயிற்று. ஒரு வருஷம் முதலாகவும் வந்தான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று என் வண்டியை எடுத்து அவன் தாராளமாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறான் என்று தனத்திடம் ஒருமுறை சொன்னேன். "பெண்டாட்டி அவனுக்கு அக்கா. நெய் எரியறது உங்க வயித்துல" என்றாள்.

ஒருவேளை அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியைத் திருடியவன் என்று திட்டலாம். அவன் எதையும் திருடவில்லை. எங்கேயும் போகாமல் இருந்தான், அவ்வளவுதான்.

6

கேசட்டுக்கு வருகிறேன். எஞ்சின் உறுமியபோது கயல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஜன்னலண்டை நின்றபடி நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ரெண்டு கார்புரேட்டர் போட்டுருக்கான். ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடல. முன்னால இருக்கறது கொஞ்சம் முந்துது."

கயல் கேசட்டை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எப்படித் தெரியும்?"

"அந்த வண்டியக் கட்டுனது யாருன்னு நெனச்ச?" என்றாள் தனம்.

அப்புறம் அவள் என்னை விடவில்லை. வில், தகடு, சேலை எல்லாவற்றையும் கேட்டாள். சேலைக்குச் சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள். "கென் இத நம்பவே மாட்டார்" என்றாள். அந்த நேரத்திலும் கென்தான். இருந்தாலும் சொன்னேன். மேசையில் தீப்பெட்டியும் ஸ்பூனும் அடுக்கிக் காற்றுக் குழாய் எந்த வழியாகப் போனது என்று காட்டினேன். பிரேக் அல்லாத ஒன்றை என் கை செய்து எத்தனை காலம் ஆயிற்று!

கேசட்டோடு ஒரு புதுப் போட்டோவும் வந்திருந்தது. போன தை மாதப் பந்தயத்தில் எடுத்தது. செல்வராசுக்குத் தலை நரைத்து, தொப்பை விழுந்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. கயல் அந்தப் போட்டோவையும் சுவரில் இருந்த பழையதையும் கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா ஏன் எப்பவும் தலையணை வெக்கிறார்?"

"சொகுசு" என்றேன்.

"இல்லப்பா. இங்க பாருங்க." அவள் விரல் அவன் முழங்காலைத் தொட்டது. "சீட் ரொம்பப் பின்னால இருக்கு. அவருக்குக் கால் எட்டல. ஏன் சீட்டை முன்னால தள்ளல?"

"அது தள்ற சீட்டு இல்லம்மா. நான் தரையோட பத்தவெச்சது."

"யாருக்கு?"

"என் அளவுக்கு."

"சரி, வெல்டிங்க வெட்டலாமே. கால் மணி நேர வேலை. இவ்ளோ மாத்தினவர் இத ஏன் மாத்தல?"

நான் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தேன். உறை வேறு. தலையணை இருந்தது. சக்கரம் வேறு, ஸ்டீயரிங் வேறு, கண்ணாடி வேறு, முன்னாலிருக்கிற மீட்டர்கள் வேறு. ஆசனத்தின் கீழே இரும்புப் பட்டை என்னுடையது. என் பற்றவைப்பு எனக்குத் தெரியாதா? இடது ஓரத்தில் அவசரத்தில் கொஞ்சம் அதிகமாக உருகி வழிந்திருக்கும்.

தனம் அடுப்படியிலிருந்தே சொன்னாள். "ஊருக்குப் போனப்ப நானும் கேட்டேன். இப்டி முதுகு வளைஞ்சி ஓட்டறியேடா, வெட்டி முன்னால போடக் கூடாதான்னு. 'அது மச்சான் சீட்டு அக்கா, நான் எப்டிக் கைய வெக்கிறது? அவரு வந்தா எங்க உக்காருவாரு?'ன்னான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? நீங்க அதுக்கும் பொறாமப்படுவீங்க. அவன் ஒங்கள விட நல்லவனா இருக்கான்னு."

என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள். தப்பாகச் சொல்வாளா?

7

அந்த வாரமே பதில் கேசட் பதிந்தோம். எப்போதும் எல்லோருக்கும் நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை மைக்கை வாங்கி, "மாப்ள, சீட்ட வெட்டி முன்னால போட்டுக்க. முதுகு போயிடும். எனக்கு இனிமே எங்க ஓட்டம்?" என்றேன். கார்புரேட்டரையும் சொன்னேன். முன்னால் இருப்பது முந்துகிறது, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் மூச்சையும் கேட்டுச் சரிபண்ணு என்றேன். பிறகு கயல் மைக்கை வாங்கினாள். தன் சேலை கட்டிய தமிழில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வரலாமா, வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சனிக்கிழமை வேலைக்குக் கென் வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று. அதில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. பண்டிகைக் காலத்தில் பஸ் ஓட வேண்டுமே, பஸ் நிற்க வேண்டுமே. அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். "சும்மா பாத்துட்டு வா, ஓட்டறேன் கீட்டறேன்னு நிக்காத" என்று தனம் எச்சரித்தாள். எல்லாத் தாய்மார்களும் சொல்வதுதான்.

தை பிறந்த வெள்ளிக்கிழமை டெப்போவிலிருந்து வந்து காலை நீட்டியபோது போன் அடித்தது. பெரம்பலூரிலிருந்து டிரங்க் கால். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் செல்வராசு.

"மச்சான், நல்லாருக்கீங்களா? இன்னிக்குச் சிறுவாச்சூர்ல பூச முடிஞ்சிது. கார்புரேட்டர் நீங்க சொன்னாப்லயே செஞ்சேன், ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடுது."

"சீட்ட வெட்டுனியா?"

"எதுக்கு வெட்டணும்?" என்றான். "இன்னிக்குப் பழத்து மேல ஏத்துனது நானில்ல. பாப்பா. அம்மாவே, 'அவ ஏத்தட்டும்டா, நீ அந்தாண்ட போ'ன்னுடுச்சி. ஊரே நின்னு பாத்துச்சி மச்சான், பொம்பளப்புள்ள ஏத்துதேன்னு. ஏத்துனவங்கதான ஓட்டணும்? ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டறோம். பேரு குடுத்துட்டேன்."

தனம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னவாம், என்னவாம்?" என்றாள். நான் கையைக் காட்டி அமர்த்தினேன்.

"தலையணைய வெச்சிதான ஏத்துனா?"

"தலையணையா?" அவன் சிரித்தான். "எடுத்துக் காருக்குப் பின்னால போட்டுட்டேன். ஏறி உக்காந்துச்சி, கால நீட்டுச்சி, கிளட்சு சரியா வந்து நின்னுச்சி. அளவெடுத்து வெச்சாப்ல, அப்டியே…"

மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது.

நான் ரிசீவரை வைக்கவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அரியலூர் ரோட்டில் திரும்பிப் பேரளியைத் தாண்டுவாள். கல் லாரிகள் முன்னால் போகும். புழுதி எழும். வில் தொய்யாது. வேறு வில் என்றாலும் தொய்யாது.

"ஏங்க, அழறீங்களா?" என்றாள் தனம்.

"பொறாமடி" என்றேன். "என் காலு எனக்கு முன்னால போய் உக்காந்துடுச்சி."